எல்லைக்கடையில் வெயில் வாங்கப் போனது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆத்தாளுக்குப் பூச் சாத்துகிற கையால் பொய் எழுதுகிறான் என்று நாலு பேர் சொல்லிவிட்டால், எனக்கு மட்டும் இல்லை, ஆத்தாளுக்கும் கெட்ட பேர். அதனால் காகிதத்தை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மடித்து வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட காகிதம் எங்கள் வீட்டில் நிறையக் கிடக்கிறது. அதைக் கொண்டு அடுப்புப் பற்றவைக்க மனசு வராமல் என் பெண்சாதி சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். இந்தத் தடவை சுழிக்குக் கீழேயும் எழுதிவிட்டேன். ஆத்தா துணை.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மாரியம்மன் கோயில் பண்டாரம். பகலில் மலையில் தேயிலைச் செடியைக் குறைத்து விடுகிற கவ்வாத்து வெட்டு, விடியவும் பொழுது சாயவும் பூசை. படிப்பு என்று கேட்டால் எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுதான். ஆனால் கோயிலுக்குச் சாமான் வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. தேங்காயைத் தட்டிப் பார்த்து, "இதென்ன, உள்ளே தண்ணியே இல்லையே" என்று நான் முகத்தைச் சுளித்தால் றக்வானைக் கடைக்காரர்கள் தானாக இறங்கி வருவார்கள். அந்தத் திறமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

என் மகள் ராமாயிக்குக் கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பரிசமும் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்தால் மழை. எங்கள் பக்கத்து மழை தெரியாதவர்களுக்கு நான் என்ன சொல்லி விளங்கவைக்க முடியும்? மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஆற்றைக் கடந்துதான் வரவேண்டும். வெள்ளம் வந்தால் அந்தக் கரையில் அவர்கள் மேளத்தோடு நிற்பார்கள், இந்தக் கரையில் நாங்கள் ஆரத்தித் தட்டோடு நிற்போம். இரண்டு பக்கமும் நனைந்து வீட்டுக்குப் போவோம். முதல் முகூர்த்தம் அப்படித்தான் போனது. மறுபடி நாள் குறித்தோம். மண் சரிந்து பாதை போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒருமுறை இப்படியே. கடைசியில் மாப்பிள்ளையின் தாயார் ஆள்விட்டுச் சொன்னாள்.

"அடுத்த முகூர்த்தத்துக்கும் தண்ணி மறிச்சா, அது ஆத்தா சொல்ற பதில்னு நாங்க எடுத்துக்குவோம். எங்க அண்ணன் மக வீட்டுலதான் இருக்கா."

ராமாயி அதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். பிறகு அடுப்படியில் தாயிடம் மட்டும், "அந்தக் கரையில நின்னு அவரு கைய ஆட்டுனாரும்மா. நான் பாத்தேன்" என்றாளாம். அதற்குமேல் ஒரு தகப்பன் எப்படிச் சும்மா இருப்பது?

எங்கள் தோட்டத்துக்கு உப்பும் கருவாடும் மாட்டுப் பொதியில் கொண்டுவருகிற மீரா நானா அப்போது வந்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பார்கள். அவர்கள் பரம்பரையாகத் தவளம் ஓட்டுகிறவர்கள். என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன்.

"வெயில்தானே வேணும்?" என்றார், ஏதோ உப்பு வேணுமா என்று கேட்கிற மாதிரி. "விக்கிற எடம் எனக்குத் தெரியும். எல்லைக்கடைக்கு நான் போற நேரம்தான். வாங்க பண்டாரம்."

போன வழியை நான் எழுதப்போவதில்லை. நானா கேட்டுக்கொண்டார். எழுதினாலும் பிரயோசனம் இல்லை. நானாவின் மாடுகளுக்குப் பின்னால் போகாமல் தனியாகப் போனவர்கள் சுற்றிச் சுற்றி றக்வானைக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

முதல் நாள் ஒரு கணவாயில் மாடுகளைக் கட்டிவிட்டு அங்கே ஒரு வண்டி ஏறினோம். நம்ம ஓடையில் கிடக்கிற கபரகொய்யாவை, அந்தப் பெரிய உடும்பை, பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஒரு சாதி, ஆனால் எருமை அளவு, வண்டியில் பூட்டியிருந்தது. அதன் முதுகில் வெயில் பட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் ஓடும் என்றார்கள். நன்றாகத்தான் ஓடியது. வெயில் எனக்குப் பழக்கமில்லை, தலை காய்ந்தது. குடையை விரித்தேன். விரித்த உடனே வண்டி நின்றது.

வண்டிக்காரன் இறங்கினான். சக்கரத்தைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான், விலங்கின் வாயைத் திறந்து பார்த்தான். அது சுகமாகக் குறட்டை விட்டது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்து என்னவோ கத்தினாள். நானா அதைத் தமிழில் சொன்னார்: "அந்த மனுசன் தலைக்கு மேல ராத்திரியப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கார், அத மடக்கச் சொல்லுங்க." மடக்கினேன். விலங்கு கண்ணைத் திறந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஓடத் தொடங்கியது.

எல்லைக்கடை சின்ன ஊர். நம்ம கஹவத்தைக் கடைவீதியில் பாதிகூட இல்லை. ஒரே தெரு. தெருக்கோடியில் வெள்ளைக் கல் வரிசை. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி. மழை என்பது அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. அந்த வெளியில் வாழ்கிறவர்களை ஊர்க்காரர்கள் நெட்டையர் என்கிறார்கள். நின்றால் அவர்கள் முழங்கால் என் தோளுக்கு வரும். ஆகையால் நம்மோடு பேச வேண்டுமென்றால் மரியாதையாக உட்கார்ந்துகொள்வார்கள். ரொம்பச் சாதுவான சனங்கள். வெட்டவெளியில் பாய் பாயாக விரித்து வெயிலை ஊறவைத்து, சுருட்டிக் கட்டிக்கொண்டு எல்லைக்கடைக்கு வருவார்கள். உப்பு, பாக்கு, ஏலம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

காலை வெயில் மஞ்சளாக, உச்சி வெயில் வெளுத்து, சாயங்கால வெயில் தாமரைச் சிவப்பாக இருக்கும். சுருட்டின பாயின் ஓரத்தில் விரலை நுழைத்துப் பார்த்தேன். மாசி மாசத்தில் வாசலில் உட்கார்ந்து தலை உலர்த்துகிற மாதிரி ஒரு இதம். சாட்சாத் சூரிய நாராயணனையே சுருட்டி வைத்திருக்கிறார்களே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சாப்பாடு தோரா என்கிற அம்மாவின் கடையில். எங்கள் வயசுதான் இருக்கும், பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. அங்கே விறகு இல்லை, அடுப்பு இல்லை. காய்ந்த பாறையில் மாவைத் தட்டிப் போட்டால் ரொட்டி. கிண்ணத்தில் தானியத்தை ஊறவைத்து வெளியே வைத்தால் கஞ்சி. புளித்த ஒரு பழத்தை நசுக்கித் தொட்டுக்கொள்ளத் தந்தாள். நல்ல ருசி, ஆனால் மிளகாய் இடித்த ஒரு கட்டச் சம்பல் இருந்திருந்தால் சொர்க்கம். பொழுது போனால் அந்த ஊரில் எல்லாருக்கும் ஆறின சோறுதான். அதைப் பற்றி யாருக்கும் வருத்தம் இல்லை.

மறுநாள் வியாபாரத்துக்குப் போனேன். நானா பாக்கு விற்கப் போகிற வழியில் எனக்காக நின்று, நான் சொல்கிறதை நெட்டையருக்கு எடுத்துச் சொன்னார். ஒரு வயசாளி நெட்டையர் காலை வெயில் பாய் ஒன்றை விரித்தார். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. பிடித்ததை வெளியில் காட்டலாமா? றக்வானையில் செய்கிற மாதிரியே உதட்டைப் பிதுக்கினேன்.

"இதென்ன, ஓரமெல்லாம் மங்கலா இருக்கு. இந்த மூலையில பாருங்க, காக்கா நெழல் ஒண்ணு விழுந்து அப்பிடியே ஒட்டிக்கிட்டிருக்கு. இதுபோய் ஒரு வெயிலா?"

நானா ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். ஆனாலும் சொன்னார். நெட்டையருக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன், வர்றவன் போறவன் எவனும் ஒத்துக்கல. நீ ஒருத்தன்தான் உண்மை பேசினே" என்றாராம். சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். இது விற்கிற சரக்கு இல்லை என்று ஆகிவிட்டதாம்.

அடுத்த கடையிலும் அதேதான். அதற்கடுத்த கடையிலும். மத்தியானத்துக்குள் அந்தத் தெருவில் நான் பெரிய மனுஷன். சட்டி செய்கிறவர் சட்டியைக் கொண்டுவந்து குறை சொல்லச் சொன்னார். செருப்புக்காரர் செருப்பைக் கொண்டுவந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டு, குடிக்கத் தந்து, தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். வாங்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

நானா கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இங்க விக்கிறவன்தான் குறை சொல்லணும் பண்டாரம். வாங்கிறவன் நிறை சொல்லணும். ரெண்டு பேர்ட பேச்சும் நடுவுல வந்து ஒண்டா நிண்டா வியாபாரம் முடிஞ்சது."

"இத ஏன் நானா முந்தியே சொல்லல?"

"நீங்க கோயில்காரர். நாள் முழுக்கப் புகழ்ந்து பாடுறவராச்சே, ஒங்களுக்குத் தன்னால வரும்னு நெனச்சேன்."

அந்த வார்த்தை சுருக்கென்றது. மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு கை தண்ணீரில் முகம் கழுவி, திருநீறு பூசி, அந்தப் பழைய நெட்டையரிடமே போனேன். ஆத்தாளைப் பாடுகிற ராகத்தில் வெயிலைப் பாடினேன். நெல் காயவைக்கிற வெயில், பிள்ளை பெற்றவள் முதுகுக்கு இதமான வெயில் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர், "இல்லையில்ல, இது மடிச்சு மடிச்சு நைஞ்சது" என்றார். "நைஞ்சாத்தான் ஒடம்புக்கு மெத்து" என்றேன். தெருவே நின்று கேட்டது. கடைசியில் இரண்டு பேர் பேச்சும் ஒரு இடத்துக்கு வந்தது. மாற்றுக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார்.

மூட்டையை அவிழ்த்தேன். தேயிலைத் தூள். "முதல் தரம் சாமி. இது மாதிரி எங்கயும் கெடைக்காது" என்று சொல்லித் தொலைத்தேன்.

நெட்டையர் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு நல்லதுன்னா வீட்டுல வச்சுக் குடிக்க வேண்டியதுதானே. எதுக்கு மலை தாண்டித் தூக்கிக்கிட்டு வந்தே?"

அவசரமாக மாற்றிப் பேசினேன். கூட்டி அள்ளின தூள், சாயமே ஏறாது, துரைமார் தொடமாட்டார்கள் என்றேன். தோரா அம்மா பாறையில் தண்ணீர் காயவைத்து ஊற்றித் தந்தாள். நெட்டையர் ஒரு வாய் குடித்து, ரொம்ப மரியாதையாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எங்களுக்கு இருக்கிற சூடு போதாதா என்று கேட்டாராம். நியாயம்தானே. பாயை அவர் சும்மா கொடுக்கலாம் என்றால், சும்மா கொடுப்பது அங்கே வாங்குகிறவனை அவமதிக்கிறது. நெட்டையர்கள் மறுநாள் வெளிக்குத் திரும்புகிறார்கள், நானாவும் மறுநாள் புறப்படுகிறார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

தோரா கடையில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கரையில் கையை ஆட்டின பையனும் இந்தக் கரையில் அதைப் பார்த்த என் பிள்ளையும்தான் கண்ணில் நின்றார்கள். இரண்டு நாள் கேட்டதில் அவர்கள் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. தோராவுக்கும் வருகிற போகிற தவளக்காரர்களிடம் பழகின அரைகுறைத் தமிழ் உண்டு. உங்கள் ஊர் எப்படி என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்கு வாய்க் கட்டு அவிழ்ந்துவிட்டது.

"எங்க ஊரா? மழை. வேற என்ன இருக்கு? விடிஞ்சா மழை, விழுந்தா மழை. அடுப்புல வச்ச வெறகுகூட அழுவும். பொட்டியில மடிச்சு வச்ச வேட்டியில காளான் மொளைக்கும்."

தோரா கையிலிருந்த மாவை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "துணியிலேயே சாப்பாடு மொளைக்குமா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

"பாதை இருக்கே, அது நிக்காது" என்றேன். "ராத்திரி மலையில இருந்தது காலையில எங்க லயத்து வீட்டு வாசல்ல வந்து கெடக்கும்."

"பாதையே வீடு தேடி வருமா? எங்களுக்கெல்லாம் நாங்கதான் பாதையத் தேடிப் போகணும்" என்றார் சட்டிக்காரர்.

எனக்குக் கோபம். படுகிற பாட்டைச் சொன்னால் மெச்சுகிறார்களே. இன்னும் சொன்னேன். கூரை ஒழுகுகிறதைச் சொன்னேன், "வீட்டுக்குள்ளேயே வந்து தண்ணி தருமா" என்றார்கள். அட்டையைச் சொன்னேன்.

"அட்டைன்னா என்ன?"

"ரத்தம் குடிக்கிற சனியன். மழையில வரும். காலப் புடிச்சா விடாது, வீடு வரைக்கும் கூடவே வரும்."

"கூடவே வருமா?" என்றாள் தோரா, உருகிப்போய். "விட்டுட்டே போகாதா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்பது சொல்ல, அந்த வயசாளி நெட்டையரும் வந்து உட்கார்ந்து என் முன்னால் ஒவ்வொரு பாயாக அடுக்கினார். காலை வெயில், உச்சி வெயில், மாலை வெயில், மேலே அந்தக் காக்கை நிழல் பாய். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மீரா நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"கொஞ்சம் வாய மூடுங்க பண்டாரம். என்னத்த விக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் விக்கிறீங்களா?"

"நான் எங்க நானா வித்தேன்? பொலம்பிக்கிட்டு இருக்கேன்."

"இந்தத் தெருவுல அதுக்குப் பேரு ஏலம் கூறுறது. ஒங்கட ஊர் மழைய முழுசா கூறிட்டீங்க. அவங்க வாங்கிட்டாங்க."

பாயை விரிக்கிற நாளில் எங்கள் மலையில் பெய்யவேண்டிய மழை இங்கே வந்து விழுமாம், அதுதான் மாற்று. என் பிள்ளையின் கல்யாணம் கைக்கு எட்டுகிற தூரத்தில் சுருட்டிக் கிடக்கிறது. கையை நீட்டினால் போதும். ஆனால் மழை என்னுடையதா? அது மாரி. அவள் பேரே மழை. அவளுக்கு மணி அடிக்கிறவன் அவளைத் தெருவில் வைத்து ஏலம் கூறலாமா?

எழுந்து நின்று கும்பிட்டு, "இது எங்க ஆத்தாவோடது. அவளக் கேக்காம நான் தர முடியாது" என்றேன். நானா எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டுச் சொல், காத்திருக்கிறோம் என்றார்கள்.

ஊரில் நல்லது கெட்டது என்றால் ஆத்தா முன்னால் பூப்போட்டுக் கேட்போம். அங்கே பூ ஏது? மடியிலிருந்த திருநீற்றை நான் கொண்டுபோன வெற்றிலை ஒன்றிலும் குங்குமத்தை இன்னொன்றிலும் ஒரே மாதிரி மடித்தேன். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வெறுங்கையோடு போய் ராமாயி முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது. பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டு, விழுந்து கும்பிட்டேன். கல்யாணத்து நாளுக்கு மட்டும், ஆறு வடிந்து பிள்ளை அக்கரை போய்ச் சேரும் வரைக்கும் மட்டும், பிறகு உன் மழை உனக்கு என்று கேட்டேன். தோரா அம்மாவை ஒன்று எடுக்கச் சொன்னேன். அவள் கை மாவை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

பிரித்தேன். திருநீறு.

அழுதுகொண்டே அதை நெற்றியில் பூசினேன். மீரா நானா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க, இங்க தண்ணி தட்டுப்பாடு" என்றார்.

திரும்பி வருகிற வழியில் மாடுகள் முதுகில் வெயில் பாய்கள். நம்ம மலைக்குள் நுழைந்ததும் மழை கொட்டியது. மாடுகள் மட்டும் காய்ந்த மயிரோடு சந்தோஷமாக நடந்தன. நாங்கள் அவற்றை ஒட்டி ஒட்டி நடந்தோம்.

கல்யாணத்துக்குச் சில நாள் முந்தியே பாய்களைக் கோயில் வாசலில் ஒவ்வொன்றாக விரித்துவிட்டேன். தேயிலைச் செடி ஒவ்வொன்றும் ஆவி விட்டது. லயத்துக் கூரைகளில் எல்லாம் துணி காய்ந்தது. மழையளக்கிற குழாயைத் தோட்டத்துத் துரை கையால் தட்டித் தட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆறு கணுக்காலுக்கு இறங்கியது. மாப்பிள்ளையின் தாயார் சேலைக் கரை மட்டும் நனைய நடந்து வந்து ஏறினாள்.

"ஆத்தா மனசு எறங்கிட்டா சம்பந்தி" என்றாள்.

"எறங்குறதுக்கு எங்க வீட்டுக்காரரு ரொம்பத் தூரம் நடந்துட்டாரு" என்று ஆரம்பித்த என் பெண்சாதியை நான் முழங்கையால் இடித்தேன்.

தாலி கட்டுகிற நேரம் மணவறையில் ஒரு காக்கை நிழல் விழுந்து, மாப்பிள்ளை தோளைக் கடந்து, ராமாயி மடியில் கொஞ்சம் நின்று போனது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். காக்கை ஒன்றும் இல்லை. நான் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு மணியை அடித்தேன்.

அடுத்த தடவை வந்த மீரா நானா எல்லைக்கடைச் சேதி சொன்னார். மழை அங்கே வந்து இறங்கினபோது ஊரே தெருவில் நின்றதாம். வண்டி விலங்குகள் எல்லாம் தூங்கிவிட்டன, வியாபாரம் நின்றது, ஒருத்தருக்கும் கவலை இல்லை. வயசாளி நெட்டையர் வாயைத் திறந்துகொண்டு படுத்துவிட்டாராம். ஒரே ஒரு குறைதான் சொன்னார்களாம்: பேசினபடி அட்டை வரவில்லை. அதனால் நானா மூங்கில் குழாயில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனார். தோரா அம்மா முதல் ஆளாகக் காலை நீட்டினாளாம்.

ராமாயிக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் மாமியாரோடு சேர்ந்து சிரிக்கிறாள், அந்த அண்ணன் மகளுக்கும் வேறு நல்ல இடம் அமைந்தது. இதைக் கேள்விப்பட்டவர்கள் அவரவருக்குத் தோன்றினபடி கூட்டிச் சொல்கிறார்கள். நான் சூரியனையே பிடித்துக் கட்டினதாக ஒருத்தர், மந்திரம் போட்டு மழையை நிறுத்தினதாக இன்னொருத்தர். அதற்காகத்தான் எழுதினேன். வாசிக்கிற பெரியவர்களே, அக்காமாரே, நீங்கள் யாருக்குச் சொன்னாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என்னை உயர்த்தி ஒரு வார்த்தை போட்டால், ஆத்தா கொடுத்த நாளை நான் என் பேருக்கு எழுதிக்கொண்டதாக ஆகிவிடும். நான் கேட்டேன், அவள் கொடுத்தாள், என் பிள்ளை காய்ந்த தலையோடு ஆற்றைக் கடந்து போனாள். இவ்வளவுதான் நடந்தது.